பயிற்சி யார் வேலை?

"படித்த பிள்ளைகள் வேலைக்கு லாயக்கில்லாமல் வருகிறார்கள், கல்லூரிகள் திருந்த வேண்டும்." உற்பத்தியாளர் சங்கங்களின் ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றி முடித்ததும் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. மேடையில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், கீழே இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் அதுவே தலைப்பாகிறது.

இதை மறுக்கும் முன், இதன் முழு பலத்தையும் சொல்லிவிட வேண்டும். தொழில்துறைச் சங்கம் உறுப்பினர்களின் நலனுக்காக இருப்பது. நூல் விலை, மின்கட்டணம், ஜிஎஸ்டி, ஏற்றுமதிச் சலுகை என்று அரசிடம் பேசுவது அதன் வேலை. மாணவரை வேலைக்குத் தயார் செய்வது கல்வி நிறுவனத்தின் பொறுப்பு. அதற்குத்தான் வரி கட்டுகிறோம். பத்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் புதியவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் அன்றைய பீஸ் கணக்கு விழும். ஆறு மாதத்தில் அவன் தொழில் பிடித்துக்கொண்டதும் அடுத்த தெருக் கம்பெனி ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து அழைத்துக்கொள்ளும். ஆகவே சங்கத்தால் முடிந்தது, எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்பது. மிஞ்சிப்போனால் வருடத்துக்கு ஒரு வேலைவாய்ப்பு முகாம்.

எதிர்த்தரப்பும் வேறு வழியாக இதே முடிவுக்கு வந்து சேர்கிறது. முதலாளிகளைக் கல்லூரிக்குள் விட்டால் படிப்பு என்பது ஆலைக்கு ஆள் பிடிக்கும் வேலையாகிவிடும் என்கிறார்கள் பேராசிரியர்கள். பயிற்சி என்ற பெயரில் அரைக்கூலிக்கு வேலை வாங்குவார்கள் என்கிறார்கள் தொழிலாளர் சங்கத்தினர். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், தொழில்துறைச் சங்கம் இதில் தலையிடாமல் இருப்பதே நல்லது என்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். இரண்டு தரப்பையும் மறுக்க வேண்டியிருக்கிறது. திருப்பூர், கோவை வட்டாரத்தை வைத்தே பேசலாம். சங்கங்கள் இவ்வளவு பலமாக இருக்கும் தொழில் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

1. தகுதி இல்லை என்கிறீர்களே, எந்த வேலைக்கு?

இந்தப் புலம்பலுக்குப் புள்ளிவிவர பலம் வந்தது 2005இல். மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம், மெக்கின்சியுடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவரே பன்னாட்டு நிறுவன வேலைக்குத் தகுதியானவர் என்றது. 'பன்னாட்டு நிறுவன' என்ற அடைமொழி சீக்கிரமே உதிர்ந்துபோனது. நால்வரில் மூவர் எதற்கும் ஆகாதவர்கள் என்ற செய்தி மட்டும் நிலைத்தது. மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை இந்திய இளைஞர்களில் வேலைக்குத் தகுதியானவர்கள் 51.25 சதவீதம் என்று இரண்டு தசமப் புள்ளிக்குத் துல்லியமாக எடுத்துக்காட்டியது. எந்த ஊரில், எந்தத் தொழிலில், எந்த நாற்காலிக்கு என்று கேட்டால் அந்த எண்ணிடம் பதில் கிடையாது.

சாயப்பட்டறை ஆய்வகத்தில் ஷேடு பார்க்கும் வேதியியல் பட்டதாரிக்குத் தெரிய வேண்டியது ஒன்று. பையருக்கு மெயில் எழுதி, சாம்பிளில் தொடங்கி ஷிப்மென்ட் வரை ஒவ்வொருவரையும் துரத்திக்கொண்டே இருக்கும் மெர்ச்சண்டைசருக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று. பவுண்டரியில் வார்ப்புக்குள் ஓட்டை விழுந்ததற்கு மணல் காரணமா, உலோகம் காரணமா என்று கண்டுபிடிக்க வேண்டிய டிப்ளமோக்காரருக்குத் தெரிய வேண்டியது முற்றிலும் வேறு. இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்துக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சங்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். துணி வாங்கும்போது இதே உறுப்பினர் இப்படியா நடந்துகொள்கிறார்? ஜிஎஸ்எம் இவ்வளவு, டயா இவ்வளவு, ஷேடு இது, துவைத்தால் சுருக்கம் இத்தனை சதவீதத்துக்குள் என்று எழுதிக் கொடுத்துத்தான் ஆர்டர் போடுகிறார். எழுதாமல் விட்டு, வந்த துணியைக் குறை சொன்னால் மில்காரர் சிரிப்பார். ஆள் விஷயத்தில் மட்டும் "நல்ல பையனா அனுப்புங்க சார்" என்பதோடு தேவைப் பட்டியல் முடிந்துவிடுகிறது.

2. வரி கட்டியதோடு கடமை முடிந்ததா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் இருக்கும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் நவீனமாக்கத் திட்டமிட்டது. மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு பங்காக வருகிறது. அரசால் சிஎன்சி மெஷின் வாங்கிப் போட முடியும். இந்த சீசனில் எந்தத் துணி எந்தக் குறைக்காகத் திரும்பி வருகிறது, எந்தப் புது மெஷினுக்கு ஆபரேட்டர் கிடைக்காமல் ஊரே தவிக்கிறது என்பது அரசுக்குத் தெரிய வழியில்லை. அது தெரிந்தவர்கள் மாதம் ஒரு முறை சங்கக் கட்டடத்தில் கூடி டீ குடிக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தின் வரலாறும் அந்த வாதத்துக்கு எதிராகவே இருக்கிறது. 1933இல் தொடங்கிய பஞ்சாலை அதிபர்களின் சங்கமான சைமா, ஆராய்ச்சி என்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. அதன் முயற்சியில் 1956இல் கோவையில் சிட்ரா ஆராய்ச்சி நிலையம் உருவானது. தனி மில் எதனாலும் வைத்துக் கட்டுப்படியாகாத ஆய்வுக்கூடம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது. 1990இல் உருவான திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் பெயர் பின்னலாடைக் கல்லூரி ஒன்றின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது. இன்னும் பின்னால் போனால் விருதுநகர். வியாபாரிகள் தங்கள் வணிகத்திலிருந்து மகமையாகப் பிரித்துவைத்த பணத்தில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராஜர் படித்த பள்ளிகளில் ஒன்று அது. அந்த மகமை ஒரு சாதியின் உறவின்முறைக்குள் சுழன்ற பணம் என்ற எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த எல்லையைத் தாண்டக்கூடிய அமைப்பு இன்றைய தொழில்துறைச் சங்கம்தான். எப்படியிருந்தாலும், கல்விக்கும் வியாபாரிகள் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்பது நம் ஊர் மரபே இல்லை. அது பிற்காலத்தில் கிடைத்த வசதியான சாக்கு.

3. கற்றுக்கொண்டவன் ஓடிவிடுவான்

எல்லா வாதங்களிலும் இதுதான் வலுவானது, இதுதான் உண்மையானது. தனி முதலாளியின் கணக்கு சரி: செலவு இவருக்கு, பலன் அடுத்தவருக்கு. அவரைக் கஞ்சன் என்று திட்டுவதில் பயனில்லை. ஆனால் அந்தக் கணக்கு எதை நிரூபிக்கிறது? தனி நிறுவனம் பயிற்சி தராது என்பதை நிரூபிக்கிறது. சங்கம் தரக் கூடாது என்பதை அல்ல. நேர்மாறாக, ஒவ்வொருவரும் தனியே செய்தால் நஷ்டம், சேர்ந்து செய்தால் எல்லோருக்கும் லாபம் என்ற இடத்தில் வேலை செய்வதற்காகத்தான் சங்கம் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. திருப்பூரில் கற்றுக்கொண்ட பையன் அடுத்த தெருவுக்குப் போனால் அந்த முதலாளிக்கு இழப்பு. ஊருக்கு என்ன இழப்பு? அவன் இன்னும் ஊரிலேயே இருக்கிறான், அதே தொழிலில் இருக்கிறான்.

இது ஏட்டுக் கணக்கு என்பவர்கள் சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றை நினைத்துப் பார்க்கட்டும். சாயக் கழிவைத் தனியே சுத்திகரிக்கச் சிறு பட்டறைகளால் முடியாது என்பதற்கும் இதே வாதம்தான் சொல்லப்பட்டது: நான் செலவு செய்வேன், செய்யாதவன் கிலோவுக்கு விலை குறைத்து என் ஆர்டரைப் பிடிப்பான். பட்டறைகள் குழுவாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. அவையும் போதாமல், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் அந்தப் பொது நிலையங்களைச் சீர்படுத்திக்கொண்ட பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது. நீதிமன்றத்தின் சாட்டை தேவைப்பட்டது என்பது வெட்கக்கேடு. இருந்தாலும், போட்டியாளர்கள் சேர்ந்து செலவைப் பகிர முடியும் என்பது அந்த ஊரிலேயே நடந்து காட்டப்பட்டுவிட்டது. கூலியும் அப்படித்தான். உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிலாளர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, தையலுக்கு இவ்வளவு, கட்டிங்குக்கு இவ்வளவு என்று ஊர் முழுவதற்கும் கூலி ஒப்பந்தம் போடுகின்றன. ஊருக்கே ஒரே கூலி பேசத் தெரிந்த சங்கத்துக்கு, ஊருக்கே ஒரே பயிற்சி உதவித்தொகை பேசத் தெரியாதா?

சட்டம் தடுக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமே, பல முதலாளிகள் சேர்ந்து பழகுநர்களைத் தங்கள் நிறுவனங்களுக்கிடையே மாற்றி மாற்றி அனுப்பிக் கற்றுத்தர இடம் கொடுக்கிறது. இப்போதைய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் சிறு கூடங்களுக்குக் கட்டாயமில்லை. ஜாப் ஒர்க் உலகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு மாணவன் நிட்டிங்கில் ஒரு மாதம், சாயத்தில் ஒரு மாதம், கட்டிங், செக்கிங், பேக்கிங்கில் இரண்டு மாதம், கடைசியாக மெர்ச்சண்டைசிங் மேஜையில் இரண்டு மாதம் என்று சுற்றி வந்தால், ஒரே கம்பெனியில் மூன்று வருடம் இருந்தவனுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியும். எந்தத் தனிக் கம்பெனியும் இதைத் தர முடியாது. சங்கம் ஒரு அட்டவணை போட்டால் தரலாம்.

கற்றுக்கொண்டவன் போட்டியாகிவிடுவான் என்ற பயம் ஆடிட்டர்களுக்கும் இருக்க வேண்டியதுதான். இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் முடித்த பையன் நாளை எதிர் மாடியில் போர்டு மாட்டுவான். இருந்தும் ஆடிட்டர் அலுவலகங்கள் தலைமுறை தலைமுறையாக ஆர்ட்டிகிள்ஸை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. பி.காம். முடித்தவனுக்கு ஆடிட் தெரியவில்லை என்று எந்த ஆடிட்டரும் மேடையில் அழுததாகத் தெரியவில்லை. கற்றுத்தருவது தங்கள் பங்கு என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் 1949ஆம் ஆண்டுச் சட்டமும் அது உருவாக்கிய நிறுவனமும் இருக்கின்றன என்பது சரிதான். ஜெர்மனியிலும் சட்டம் இருக்கிறது. 1969இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ், பயிற்சி ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் இறுதித் தேர்வு நடத்துவதும் அங்குள்ள தொழில் வணிகச் சபைகளின் கடமை. சபையில் உறுப்பினராவது கட்டாயம் என்பதால், சபையின் செலவில் பங்கு தராமல் பலனை மட்டும் அள்ளிப்போவது எளிதல்ல. நம் சங்கங்களில் சேருவது விருப்பம். அப்படியென்றால், பங்கு தராத கம்பெனிக்குச் சங்கம் பயிற்றுவித்த ஆட்களின் பட்டியல் கிடையாது என்று ஒரு விதி போட எத்தனை நாள் ஆகும்?

4. கல்லூரி ஆலையின் கொல்லைப்புறமாகிவிடும்

பேராசிரியர்களின் இந்தப் பயத்தில் பாதி நியாயம். பாடத்திட்டக் குழுவில் நாற்காலி கேட்கும் சங்கத்தை நானும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இன்று ஓடும் மெஷினை வைத்து மூன்று வருடப் பாடம் எழுதினால், மாணவர் வெளியே வரும்போது அந்த மெஷின் காயலான் கடையில் கிடக்கும். தெளிவாக எழுதவும், எண்களைச் சந்தேகப்படவும், தெரியாததைத் தானே தேடிப் படிக்கவும் கல்லூரிதான் பழக்க வேண்டும். அதில் சங்கத்துக்கு இடமில்லை.

ஆனால் சங்கம் விலகி நிற்பதால் கல்லூரிக்குள் தூய அறிவு தழைத்துவிட்டதா? திருப்பூரில் மெர்ச்சண்டைசராக முதல் வருடம் எவ்வளவு கிடைக்கும், எந்த வேலையில் ஐந்து வருடத்தில் மேலே போகலாம், எதில் இருபது வருடமும் அதே மேஜைதான், எந்தக் கம்பெனியில் சம்பளம் தேதி தவறாமல் வரும்: இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மாமா கம்பெனி வைத்திருக்கும் பையனுக்குத் தெரியும். சித்தப்பா யார்ன் ஏஜென்டாக இருக்கும் பெண்ணுக்குத் தெரியும். அறந்தாங்கி பக்கத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் பட்டதாரியாக அரசுக் கலைக் கல்லூரியில் படிப்பவளுக்குத் தெரியாது. அவளுடைய பேராசிரியருக்கும் தெரியாது; தெரியாதது அவர் குற்றமும் இல்லை. தொழிலைப் பற்றிய தகவல் இன்றும் உறவுமுறை வழியாக, வெளிப்படையாகச் சொன்னால் சாதி வழியாக, ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடாத வீடுகளில், பஸ் ஸ்டாண்ட் எதிரே 'நூறு சதவீத வேலை உறுதி' என்று போர்டு வைத்தவர் பணம் வாங்கிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்கிறார்.

கல்லூரியின் மாண்பைக் காக்கிறோம் என்று சங்கத்தை வாசலில் நிறுத்துகிறவர்கள், மாமா இல்லாத மாணவரையும் அதே வாசலில் நிறுத்துகிறார்கள். சங்கம் பாடத்திட்டத்தைத் தொட வேண்டாம். வேலைவாரியாகத் தொடக்கச் சம்பளம், வேலை நேரம், கற்க வேண்டியவை, முன்னேறும் வழி ஆகியவற்றை வருடத்துக்கு ஒரு முறை தமிழில் அச்சிட்டு வட்டாரக் கல்லூரிகளுக்கு அனுப்பட்டும். ஒரு செமினார் ஹால் வாடகையைவிடக் குறைவான செலவு. இது நடக்காததற்குக் காரணம் பணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பளத்தை அச்சில் போட்டால் இருக்கிற ஆட்களும் படித்துவிடுவார்கள் என்ற கூச்சம்தான்.

5. பயிற்சி என்றால் மலிவு உழைப்பு

இதைச் சொல்கிறவர்களிடம் ஆதாரம் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களை ஏஜென்ட்கள் கூட்டிவந்தார்கள். மூன்று வருடம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்பது பேச்சு. பதிவேட்டில் அவர்கள் பயிற்சி பெறுபவர்கள். ஒரு மெஷினைக் கற்றுக்கொள்ள மூன்று வருடம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உடல் தாங்காமல் நடுவில் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை.

இதிலிருந்து சங்கங்கள் பயிற்சிப் பக்கமே வரக் கூடாது என்று முடிவு கட்டுவதுதான் பிழை. அந்தப் பெண்களைக் கூட்டிவந்தது தனித்தனி மில்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வெளியாள் எவருக்கும் வழியில்லை. காலக்கெடுவை மில்லே வைத்தது, கற்றாளா இல்லையா என்பதையும் மில்லே தீர்மானித்தது. சுரண்டல் நடந்தது பொது விதி இல்லாத இடத்தில், மூடிய கேட்டுக்குள். விலகி இருங்கள் என்று சங்கங்களிடம் இப்போதும் சொன்னால் அந்த கேட் மூடியே இருக்கும்.

கேட்க வேண்டியது நிபந்தனைகள். உதவித்தொகை எவ்வளவு என்பது கூலி ஒப்பந்தத்தோடு சேர்த்து அச்சிடப்பட வேண்டும். எந்த வேலைக்கு எத்தனை மாதப் பயிற்சி என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் என்றாலும் முழுக்கூலி. இறுதித் தேர்வு நடத்துகிறவர் பயிற்சி தந்த முதலாளியாக இருக்கக் கூடாது. ஜெர்மன் தேர்வுக் குழுக்களில் முதலாளிகள் தரப்புக்கும் தொழிலாளர் தரப்புக்கும் சம எண்ணிக்கை, கூடவே தொழிற்கல்விப் பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருந்தாக வேண்டும். அங்கே சட்டம் அப்படி. இங்கே தொழிலாளர் சங்கங்கள் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போகாமல், அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதிக்காத சங்கத்தின் பயிற்சித் திட்டத்தை எதிர்த்து நடக்கும் மறியலில் நானும் உட்காருவேன்.

6. நாங்கள்தான் ஏற்கெனவே செய்கிறோமே

என்ன செய்கிறீர்கள்? புரிந்துணர்வு ஒப்பந்தம். சங்கத் தலைவரும் கல்லூரித் தாளாளரும் நீல ஃபைலை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். கல்லூரிக்கு அது தரமதிப்பீட்டுக் கோப்பில் ஒரு தாள், சங்கத்துக்கு ஆண்டறிக்கையில் ஒரு படம். பிறகு, தொழிற்சாலைப் பார்வை: ஒரு பஸ் மாணவர்கள், நாற்பது நிமிடம், மெஷின் இரைச்சலில் மேலாளர் சொல்வது முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது, திரும்பும் வழியில் மருதமலையோ கொடிவேரியோ. மாணவர்களுக்கு அந்த இரண்டாம் பாதி பிடித்திருக்கும். பயிற்சி முடித்ததாகச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு கம்பெனிப் பக்கமே போகாதவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பாலிடெக்னிக் கேன்டீனிலும் விசாரித்துக்கொள்ளலாம்.

இவற்றைச் செயல் என்று எண்ணிக்கொள்வதால்தான் செய்ய வேண்டியது செய்யப்படாமல் கிடக்கிறது. சங்கங்களின் ஆண்டறிக்கையில் நூல் விலைக்கு இடம் இருக்கிறது, டிராபேக்குக்கு இடம் இருக்கிறது, மின்வாரியத்துக்குக் கொடுத்த மனுக்களின் நகல் முழுசாக இருக்கிறது. அதில் இன்னும் ஒரு பக்கம் சேரட்டும்: இந்த வருடம் உறுப்பினர் நிறுவனங்களில் எத்தனை மாணவர்கள் பயிற்சிக்கு வந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களுக்கு மாதம் எவ்வளவு கொடுத்தோம், போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நான்கே எண்கள். அவற்றை அச்சிடாத சங்கம், படித்தவர்களுக்குத் திறன் இல்லை என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவந்தால், பின்வரிசையில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் எழுந்து அந்த நான்கையும் கேட்கலாம்.